உதவி பெறுவது இழிவா?

தன்மானம் உள்ளவர் பிறரிடம் கை நீட்டலாமா? கேள்வி பழையது. தன்மான இயக்கத்தால் தலை நிமிர்ந்த நாட்டில் இதற்கு விடை எளிது என்றே பலர் எண்ணுகின்றனர். "கூடவே கூடாது, பட்டினி கிடந்தாலும் பல்லிளிக்கக் கூடாது" என்பர். மேடையில் முழங்குவதற்கு இது மிடுக்கான விடைதான். ஆனால், புற்றுநோய் புகுந்த வீட்டின் வாசலில் நின்று இதே விடையைச் சொல்ல முடியுமா? அந்த வாசலில் சற்று நேரம் நின்று சிந்திப்போம், வாருங்கள்.

ஒரு தாயை எண்ணிக்கொள்வோம். நாற்பது வயது நிரம்பவில்லை. மார்பகத்தில் கட்டி, அறுவை முடிந்தது. இனிக் கீமோ சிகிச்சை என்கிறார் மருத்துவர். 21 நாளுக்கு ஒரு முறையாக ஆறு முறை மருந்தேற்றம். ஏறத்தாழ நான்கு மாதங்கள்! வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். கணவர் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர். மருந்துக்கு வழி பிறந்துவிட்டது. அடுப்புக்கு? குடத்துத் தண்ணீருக்கு? முதியவளான மாமியாரின் கஞ்சிக்கு? வகுப்பறையில் நிற்கும் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தத் தாயின் நோயன்று. அவள் பிள்ளையின் வாராத தலைதான்.

அந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது? வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. புற்றணு அவ்வாறு பெருகுவது, ஆகவே மடிகிறது. மயிர்க்காலும், வாயின் உட்தோலும், குடலின் உட்சுவரும், எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே பெருகுபவை. ஆகவே அவையும் அடிபடுகின்றன. முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, உண்டது தங்க மறுக்கிறது. பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே வெள்ளையணுக்கள் மிகக் குறைந்து, நோயை எதிர்க்கும் படை நலிந்துவிடுகிறது. அப்பொழுது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவை அனைத்தும் உடலியல் கூறும் காரணங்கள். இதில் கர்மத்துக்கு இடம் எங்கே? முற்பிறவிக்கு இருக்கை எங்கே?

ஆனால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. "என்ன பாவம் செய்தாளோ!" என்கிறது. முடியிழந்த தலையைக் கண்டால் சகுனம் பார்க்கிறது. ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, தண்ணீர் குடிக்கத் தனிக் குவளை வைக்கிறது. தேநீர்க் கடையின் தனிக் குவளையை எதிர்த்துப் போராடிய நாட்டில், நோயுற்ற தாய்க்குத் தனிக் குவளையா? புற்றுநோய் தொற்றுநோய் அன்று. உண்மையில் அவளிடமிருந்து நமக்கு அச்சமில்லை. நம் சளியும் இருமலும் சுமந்து செல்லும் நம்மிடமிருந்துதான் அவளுக்கு அச்சம்!

சுடுகாட்டு மல்லி என்று பெயர் சூட்டிச் சில ஊர்களில் ஒதுக்கி வைத்த செடி ஒன்று உண்டு. நித்தியகல்யாணி என்பதும் அதன் பெயரே. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தது அறிவியல். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளைக் காக்கும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. மூடநம்பிக்கை சுடுகாட்டைக் கண்ட இடத்தில் ஆராய்ச்சி தொட்டிலைக் கண்டது.

சரி, மருந்தை அறிவு தந்தது. மனையை யார் நடத்துவது? இங்கேதான் நம் கேள்விக்கு வருகிறோம்.

உதவுங்கள், புண்ணியம் கிட்டும் என்கிறார் பக்தர். அவர் கண்ணில் அந்தத் தாய் ஒரு தாயல்லள். மோட்சத்துக்கு ஏறும் படிக்கட்டு! உதவி வேண்டாம், மானம் போய்விடும் என்கிறார் வீரர். அவரை ஒன்று கேட்போம். பிறந்த நாளில் நம்மைக் குளிப்பாட்டியது நம் கையா? இறுதி நாளில் நம்மைச் சுமக்கப் போவது நம் தோளா? இரு முனையிலும் பிறர் கை இருக்க, இடையில் மட்டும் எவர் தயவும் வேண்டாம் என்பது வீரமா, மறதியா?

இழிவு, பெறும் கையில் இல்லை. கொடுப்பவன் மேல், பெறுபவன் கீழ் என்னும் ஏணியில்தான் இருக்கிறது. பிறப்பின் பெயரால் அமைந்த ஏணியை உடைக்கப் புறப்பட்டவர்கள், உதவியின் பெயரால் இன்னொன்றை நாட்டலாமா? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஒப்புரவுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றெனில் இரண்டு எதற்கு? இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒருவராய் வாழ்வதற்கு உரிய கடமை ஒப்புரவு. நோயுற்ற வீட்டுக்கு நாம் கொண்டுசெல்ல வேண்டியது இரண்டாவது.

இந்த நாட்டுக்கு இது புதிய பாடமும் அன்று. தம் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அழுது ஓயவில்லை, விதியென்று அடங்கவில்லை. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரு வீட்டின் துயரம் ஊரின் சொத்தாயிற்று. நீதிக்கட்சியினர் 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கி, 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது. தாய் எழ முடியாத காலையிலும் பிள்ளை பசியாறப் பள்ளியில் வழி பிறந்தது. அந்த உணவை உண்ணும் பிள்ளை பிச்சையா ஏற்கிறது? இல்லை, உரிமையைப் பெறுகிறது. பள்ளிச் சோறு உரிமை என்றால், பக்கத்து வீட்டுச் சோறு மட்டும் எப்படிப் பிச்சையாகும்?

அரசு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும், பார்க்காவிட்டால் போராடத்தான் வேண்டும். எனினும், அரசாணை பிள்ளையின் தலையை வாருமா? நள்ளிரவுக் காய்ச்சலில் ஆட்டோ பிடித்து வருமா? நீண்ட கை அரசுடையது. நெருங்கிய கை நம்முடையது. இரண்டும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, உதவியை உணர்ச்சிக்கு விடாதீர்கள்; ஒழுங்குக்குள் கொண்டுவாருங்கள். முதல் மருந்தேற்றத்தின்போது பழக்கூடையோடு பத்துப் பேர் வருகின்றனர். நான்காவதன்போது வாசல் வெறிச்சோடிவிடுகிறது. களைப்பு கூடும் நேரத்தில் கைகள் குறைகின்றன! தெருவில் ஏழு வீடுகள் இசைந்தால் நாளுக்கு ஒரு வீட்டுச் சமையல் போதும். எந்த வீடும் சுமையில் நசுங்காது. ஒருவர் மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும்; ஒருவர் பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்கட்டும். நலம் விசாரிக்கும் கூட்டம் வேண்டாம். சளி பிடித்தவர் சோற்றை வாசலிலேயே வைத்துத் திரும்பட்டும். செய்ததை ஊருக்குச் சொல்லாதீர்கள். நன்றியை வாடகையாக வசூலிக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த ஏழு வீட்டிலும் கரண்டி பிடிப்பது பெண்களே என்றால், ஒரு பெண்ணின் சுமையை ஏழு பெண்கள் மீது மாற்றினோமே தவிர வேறென்ன செய்தோம்? ஆண்கள் அடுப்பங்கரைக்குள் நுழையட்டும். நோயுற்றவளின் கணவரும் நுழையட்டும். மருந்தேறிய மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் சமைக்க எழுகிறாளே, அதைத் தியாகம் என்று புகழ்கிறோம். அது தியாகமன்று. படுத்திருப்பது குற்றம் என்று தலைமுறை தலைமுறையாய் அவளுக்குக் கற்பித்த அடிமைப் பாடத்தின் மிச்சம்.

இவ்வளவும் செய்தால் அவள் பிழைப்பாளா? உறுதி கூற எவராலும் இயலாது. 1968-ல் அண்ணா அமெரிக்கா சென்று மருத்துவம் பெற்றார்; தமிழ்நாடே அவர் நலம் வேண்டி நின்றது; 1969 பிப்ரவரி 3-ல் அவரை இழந்தோம். அன்பு மருந்தன்று, அது கட்டியைக் கரைக்காது. பொய் நம்பிக்கை ஊட்டுவது பகுத்தறிவாளர் வேலையும் அன்று. ஆனால் பலனைக் கொண்டு மட்டும் அறத்தை அளப்பது வணிகம். அவள் பிழைத்தால், நான்கு மாதமும் தன் பிள்ளைகள் பசித்திருக்கவில்லை என்ற நிம்மதியோடு பிழைப்பாள். பிழைக்காவிடில், அந்தப் பிள்ளைகள் எவர் முன்னும் குனியாமல் வளர ஊர் இருக்கிறது என்பதை அறிந்து கண் மூடுவாள். இரண்டும் சிறியவை அல்ல.

தன்மானம் என்பது தனித்துக் கிடப்பதன்று. எவரும் எவர் முன்னும் குனியாமல் பெறவும், எவரும் எவர்மீதும் ஏறி நில்லாமல் கொடுக்கவும் கூடிய ஒரு தெருவை அமைப்பதே தன்மானம். அந்தத் தெருவை அமைக்கச் சட்டமன்றத் தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை இன்று தலை வாராமல் பள்ளிக்குப் போயிற்று என்று பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.