காணாமையும் இன்மையும்

லாரியின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக் கட்டு, அதாவது படிப்படியாக நீளம் குறையும் எஃகுப் பட்டைகளை அடுக்கி சென்டர் போல்ட்டாலும் யூ போல்ட்டுகளாலும் இறுக்கிய அமைப்பு, இன்னும் ஓட்டத்துக்குத் தகுமா என்று தீர்மானிக்கையில், ஒன்று இல்லை என்பதை மனிதன் எவ்வாறு அறிகிறான் என்ற பழைய அளவையியல் வினா எழுகிறது.

பட்டை தளர்ந்திருப்பதை அறிவது எளிது. சமதளத்தில் சுமையின்றி நிற்கும் வண்டி ஒருபுறம் சாய்வதும் பட்டையின் வளைவு குன்றியிருப்பதும் காட்சிக்கு, அதாவது புலனால் நேரே அறிதலுக்கு, எட்டுவன. விரிசல் அவ்வாறன்று. சுமை ஏறும்போது வளைவு நிமிர்வதால் பட்டையின் மேற்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகி, அங்கே, குறிப்பாக சென்டர் போல்ட்டின் துளையருகே, விரிசல் தோன்றக்கூடும். அந்தப் பரப்பையோ மேலுள்ள பட்டை மூடியிருக்கிறது.

இவ்வாறு காணாத ஒன்றை இல்லை எனலாமா என்பதே அந்த வினா. மெய்யியலாளர் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் அநுபலப்தியை, அதாவது காணாமையால் இன்மையை அறிதலை, ஆறாவது அளவையாக, அதாவது அறியும் வழியாக, கொண்டனர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி எண்ணும் பத்து அளவைகளிலும் அபாவம், அதாவது இன்மை, உண்டு. இன்மையும் காட்சியாலேயே அறியப்படும் என்று நியாய மரபினரான நையாயிகர் மறுத்தனர். எனினும் ஒரு நிபந்தனையில் இரு சாராரும் உடன்பட்டனர்: இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க நிலையில் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் அவ்வாறு சொல்ல இயலாது. கழற்றாத பட்டைக் கட்டு இருட்டறையே ஆகும். அதைச் சுற்றிப் பார்த்து ‘விரிசல் இல்லை’ என்பவர் தாம் காணவில்லை என்பதைத்தான் சொல்கிறார்.

பட்டைகளின் இடுக்கிலிருந்து வழியும் துருக்கோட்டைக் கொண்டு விரிசலை அனுமானிக்கலாமே எனலாம். அனுமானத்துக்கு வியாப்தி, அதாவது ஏதுவான அடையாளம் உள்ள இடமெல்லாம் துணியப்படும் பொருளும் தவறாது இருத்தல், வேண்டும். மழைநீர் தேங்கினாலும் துரு வழியுமாதலால் இங்கு அது இல்லை. ஆகவே துருக்கோடு எழுப்புவது ஐயம் மட்டுமே. ஆனால் நியாய மரபில் ஐயமே ஆராய்ச்சியின் தொடக்கம். பழுதான கப்பலைப் பற்றிய ஐயத்தை அடக்கிக்கொண்டு பயணிகளை ஏற்றியனுப்பிய உரிமையாளரைக் குறித்து 1877இல் எழுதிய ஆங்கிலேய மெய்யியலாளர் கிளிஃபோர்டு, கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்றது மிகக் கடுமையாகத் தோன்றினும் சரியானதே.

கழற்றித் துடைத்துப் பார்த்தபின் விரிசலின்மை உறுதிப்படலாம். விரிசலாக இன்னும் வெளிப்படாத உலோக அயர்ச்சியைக் கண் அப்போதும் காணாது என்பதால், பட்டை ஓடிய தூரத்தையும் சுமந்த பாரத்தையும் கொண்டு கருதியறிய வேண்டியது எஞ்சுகிறது.