நாள் யாருக்குச் சொந்தம்?

பத்திரிகைகளில் 'இன்றைய தினம்' என்று ஒரு மூலை உண்டு. முன் வருஷங்களில் இதே தேதியில் பிறந்தவர் யார், மறைந்தவர் யார், எந்தப் பாட்டு இசைத்தட்டுக்காகப் பாடப்பட்டது என்று நாலைந்து வரி போட்டிருப்பார்கள். தலையங்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள்கூட அந்த மூலையைத் தாண்டிப் போவதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். படித்து முடித்ததும் மனம் லேசாகச் சஞ்சலப்படுகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மனிதர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தாற்போல் இருக்கிறதே, இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

மார்ச் மாதம் 5-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீத உலகத்தை மட்டும் பார்த்தால் போதும். 1887-இல் அன்று பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரில் வில்லா-லோபோஸ் பிறந்தார்; தம் நாட்டுப் பாட்டின் மணத்தையும் ஜெர்மானிய மேதை பாஹின் கட்டுக்கோப்பையும் ஒன்றாகக் குழைத்துத் தந்தவர். 1913-இல் அன்று தார்வாரில் கங்குபாய் ஹங்கல் பிறந்தார். 1953-இல் அன்று மாஸ்கோவில் ருஷ்ய இசையாசிரியர் செர்கேய் புரோகோஃபீவ் இறந்தார். 1963-இல் அன்று அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பாட்ஸி கிளைன் என்ற பாடகி விமான விபத்தில் மாண்டார். அதே தினம் லண்டனில் பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 'ஃப்ரம் மீ டு யூ' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள்.

1953-ஆம் வருஷத்து வரிக்கு மட்டும் ஒரு துணை வரி உண்டு. அன்றிரவு மாஸ்கோவில் இன்னொருவரும் இறந்தார். அவர் சங்கீதக்காரர் அல்லர். அவர் பெயர் ஸ்டாலின்.

இந்த ஒற்றுமையைக் கேட்டதும் சிலர் கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் விதியின் விளையாட்டு" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். உலகத்திலோ சங்கீதக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எந்தத் தேதியைத் தொட்டாலும் ஒரு பிறப்பும் ஒரு சாவும் ஒரு பாட்டும் கிடைக்கத்தான் செய்யும்.

மேலும், 'ஒரே நாள்' என்பதே எவ்வளவு உறுதியான சங்கதி? ஸ்டாலின் இறந்த நேரமாக அறிவிக்கப்பட்டது மாஸ்கோக் கடிகாரப்படி இரவு 9 மணி 50 நிமிஷம். புரோகோஃபீவ் அவருக்குச் சுமார் ஐம்பது நிமிஷம் முந்திக்கொண்டார் என்பார்கள். நம் கடிகாரம் மாஸ்கோவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புரோகோஃபீவ் கண்மூடிய வேளையில் இங்கே இரவு பதினொன்றரை, தேதி ஐந்து. ஸ்டாலின் கண்மூடிய வேளையில் நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷம், தேதி ஆறு. ஹூப்ளியில் இருந்து பார்த்தவருக்கு அவர்கள் இருவரும் ஒரே நாளில் இறக்கவே இல்லை! அப்படித்தான் 1963-லும். டென்னஸியில் மாலை ஆறரை மணி வாக்கில் பாட்ஸி கிளைனின் விமானம் விழுந்தபோது, லண்டனில் தேதி மாறிவிட்டிருந்தது.

நம் பெரியவர்களுக்கு இந்தச் சந்தேகம் முன்பே இருந்திருக்க வேண்டும். அவர்கள் பிறப்புக்கு நட்சத்திரத்தையும் இறப்புக்குத் திதியையும் வைத்துக்கொண்டார்கள். தியாகராஜ சுவாமிகள் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில். இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே போகும். நகராமல் இருப்பது ஒன்றுதான்: காவேரிக் கரையில் பலர் கூடி உட்கார்ந்து அவர் பாட்டைப் பாடுகிறார்கள். நாள் வெறும் முளைக்குச்சி. அதில் எதைக் கட்டி வைக்கிறோம் என்பது நம்மைப் பொறுத்தது.

ஆகவே தேதிகள் ஒன்றுபடுவது தற்செயல்தான் என்று ஒப்புக்கொண்டு மேலே போகலாம். ஆனால் மாஸ்கோவில் அடுத்து நடந்தது தற்செயல் அன்று. அதை மனிதர்கள் செய்தார்கள்.

புரோகோஃபீவ் குடியிருந்த வீடு நகரின் நடுமையத்தில், செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்டாலினின் உடலை மக்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த தூண் மண்டபமும் அதற்கு அருகில்தான். அந்தத் தெருக்கள் அத்தனையும் ஜனசமுத்திரமாகிவிட்டன. சவ வண்டி வீட்டை நெருங்க முடியவில்லை. சவப்பெட்டியைக் கையால் சுமந்து, கூட்டத்துக்கு எதிர்த் திசையில் சந்து சந்தாகக் கொண்டு போனார்கள். ஊரில் இருந்த பூவெல்லாம் ஒரே இடத்துக்குப் போய்விட்டதால், இங்கே தொட்டிச் செடிகளை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது என்கிறார்கள். வந்தவர்கள் வெகு சிலர். ஷோஸ்டகோவிச் வந்திருந்தார். டேவிட் ஓய்ஸ்ட்ராக் வயலினை எடுத்து, இறந்தவரின் முதல் வயலின் ஸொனாட்டாவிலிருந்து இரண்டு பகுதிகளை வாசித்தார். ஒரு முன்னணி இசைச் சஞ்சிகை முதல் 115 பக்கங்களை ஸ்டாலினுக்குக் கொடுத்துவிட்டு 116-ஆம் பக்கத்தில் இந்த மரணத்தைச் சொல்லியது என்பது சரித்திரக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் விவரம்.

ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் என்ற பியானோ மேதையின் கதை இன்னும் விசித்திரம். புரோகோஃபீவின் ஏழாவது ஸொனாட்டாவை 1943-இல் முதன்முதல் மேடையேற்றியவர் அவர். ஒன்பதாவது அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. அப்படிப்பட்டவரை டிபிலிஸி நகரிலிருந்து அழைத்து வந்தார்கள். எதற்கு? தூண் மண்டபத்தில் ஸ்டாலினின் உடலுக்கு முன்னால் வாசிப்பதற்கு. மலர்வளையங்கள் நிறைந்த விமானத்தில் தாம் வந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் ஒரு பூ இல்லை. ஒரு விமானம் முழுவதும் பூ!

இதைக் கேட்கும்போது மனத்தில் ஒரு சுலபமான நாடகம் உருவாகிவிடும். சர்வாதிகாரி ஒரு பக்கம், மாசற்ற கலைஞன் மறு பக்கம். வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. 1939-இல் ஸ்டாலினுக்கு அறுபது வயது பூர்த்தியானது. நம்மூரில் சஷ்டியப்தபூர்த்திக்கு நாதஸ்வரம் ஏற்பாடு செய்வதுபோல், அந்த வைபவத்துக்கு வாழ்த்துப் பாடலுக்கு இசையமைத்துக் கொடுத்தவர் இதே புரோகோஃபீவ். ஸ்டாலின் பெயரால் வழங்கிய பரிசுகளையும் அவர் ஒன்றுக்கு மேல் பெற்றிருக்கிறார். பிறகு 1948 பிப்ரவரியில் கட்சி ஒரு தீர்மானம் போட்டது. அவரும் ஷோஸ்டகோவிச்சும் மற்றும் சிலரும் மக்களுக்கு விரோதமான இசை எழுதுகிறவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். அதே மாதம் அவருடைய முதல் மனைவி லீனாவைக் கைது செய்தார்கள். இருபது வருஷத் தண்டனை. தம் பிள்ளைகளின் தகப்பனார் இறந்தபோது அந்த அம்மாள் வடகோடியில் ஒரு முகாமில் கைதியாக இருந்தார். வெளியே வந்தது 1956-இல்.

பிறந்த நாளுக்கு வாழ்த்துப் பாடியவரின் இறந்த நாளையே, வாழ்த்தப்பட்டவர் பறித்துக்கொண்டு போய்விட்டார். பயத்தால் பாடினாரா, பிழைப்புக்காகப் பாடினாரா, தொழிலாக நினைத்துப் பாடினாரா? அந்தக் குளிரில் நின்றிராத நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒருவர் குற்றமற்றவராக இருந்தால்தான் அவர் பெட்டிமேல் பூ வைக்கலாம் என்ற சட்டம் எங்கும் இல்லை.

சங்கீத ரசிகரான நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"காலம் நியாயம் செய்துவிட்டது, ஸார்! இன்றைக்கு ஸ்டாலினின் பிரசங்கத்தை யார் கேட்கிறார்கள்? 'பீட்டரும் ஓநாயும்' கதையைக் குழந்தைகள் கேட்கிறார்கள். 'ரோமியோ ஜூலியட்' நாட்டியம் ஆடாத பெரிய நகரம் உண்டா? கடைசியில் ஜெயித்தது யார்?"

அழகான வாதம். கேட்பதற்கு ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் அந்த ஆறுதல் நமக்குத்தான்; இறந்தவருக்கு அன்று. காலம் நியாயம் செய்தது இசைக்கு. அந்த மனிதருக்கு இல்லை, முகாமில் இருந்த மனைவிக்கு இல்லை. வைக்காத பூவை எழுபது வருஷம் கழித்து வைக்க முடியாது. 'காலம் தீர்ப்புச் சொல்லும்' என்று நாம் சொல்லும்போதெல்லாம், இன்றைக்கு நாம் சொல்லவேண்டிய தீர்ப்பைத் தட்டிக்கழித்து, வராத ஒரு நீதிபதியின் மேஜையில் வைத்துவிட்டு வருகிறோம். அதுவும் எப்படிப்பட்டவர்களுக்கு அந்த நீதிபதி வருகிறார்? ஓர் 'ஓநாயும்' ஒரு 'ரோமியோவும்' எழுதி வைத்துவிட்டுப் போனவர்களுக்கு. ஒன்றும் எழுதாதவர்களுக்கு?

அந்தக் கேள்வி வெறும் வாய்ப்பேச்சு அல்ல. ஸ்டாலினைப் பார்க்க முண்டியடித்த அந்தக் கூட்டத்திலேயே பலர் நசுங்கி இறந்தார்கள். எத்தனை பேர் என்று அரசாங்கம் அன்று சொல்லவில்லை. அழ வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணீர் போலி என்று நான் சொல்லமாட்டேன். யுத்தத்தில் வென்று கொடுத்த தலைவர் என்று மனமார நம்பி அழுதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அந்த அழுகையை இகழ நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுக்காக அழ ஒரு நாள் கிடைக்கவில்லை. அவர்கள் பெயர் எந்த 'இன்றைய தினம்' மூலையிலும் வருவதில்லை.

பத்து வருஷம் தாண்டி 1963-க்கு வாருங்கள். பாட்ஸி கிளைனுக்கு அப்போது வயது முப்பது. இறந்துபோன ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்ட, கன்ஸாஸ் சிட்டியில் பாடிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பிறர் துக்கத்துக்குத் தோள் கொடுக்கப் போன இடத்திலிருந்து திரும்பும் வழியில் சாவு. சிறு விமானம் கேம்டன் ஊருக்கு அருகே காட்டில் விழுந்தது. உடன் போனவர்கள் மூவர்: ஹாக்கின்ஸ், கோப்பாஸ் என்ற இரு பாடகர்கள், விமானத்தை ஓட்டிய மேனேஜர் ஹியூஸ். பட்டியலில் இன்று பாட்ஸி கிளைன் பெயர் இருக்கிறது. மற்ற மூவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்று லண்டனில் பாடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் குற்றம் சொல்லலாமா? கூடாது. அவர்கள் பாடிய பாட்டு அடுத்த மாதம் வெளிவந்து பிரிட்டனில் முதல் இடத்தைப் பிடித்தது; கேட்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு தெருவில் சாவு விழுந்த அன்று அடுத்த தெருவில் தாலி கட்டுவது உலக வழக்கம். ஒரு நாள் துக்கத்தையும் சந்தோஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். அதற்கு இடப்பஞ்சம் இல்லை. இந்த நாளில் இந்த ஒருவருக்காக மட்டுமே அழவேண்டும் என்று கட்டளை பிறக்கும்போதுதான் பஞ்சம் வருகிறது. மாஸ்கோவில் நடந்த அநியாயம் ஸ்டாலினுக்காக அழுததில் இல்லை. இன்னொருவருக்காக அழ இடம் விடாததில் இருந்தது.

கட்டளை போட அரசாங்கமே வேண்டும் என்பதும் இல்லை; சமூகமே போதும். அதே 1953 மார்ச் 5 அன்று ஹூப்ளியில் கங்குபாய் ஹங்கலுக்கு நாற்பது வயது நிறைந்தது. ஹூப்ளியிலிருந்து ரயிலேறிக் குந்த்கோல் போய், ஸவாய் கந்தர்வரிடம் கற்றுக்கொண்டவர். பீம்சேன் ஜோஷிக்கும் அவரே குரு. ஜாதியைச் சொல்லியும், பாட்டுக்காரப் பெண் என்று சொல்லியும் கங்குபாயை ஏளனம் செய்தவர்கள் உண்டு. பாடுகிற ஆண் முஸ்லிம் என்றால் உஸ்தாத், ஹிந்து என்றால் பண்டிட்; பெண் என்றால் எவ்வளவு பாடினாலும் வெறும் பாயி என்று அவர் பின்னாளில் சிரித்துக்கொண்டே குத்திக் காட்டுவதுண்டு. தொண்டையில் நடந்த சிகிச்சைக்குப் பிறகு கனத்துப்போன அந்தக் குரலை, ஆண் குரலா பெண் குரலா என்று தெரியாமல் ஜனங்கள் வாயடைத்துக் கேட்டார்கள். 2002-இல் பத்ம விபூஷண் வந்தது. 2009-இல், தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். நமது திருவையாறும் இதற்கு விலக்கல்ல. தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தம் கைப்பொருளைக் கொட்டினார் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவருக்கே ஆரம்ப காலத்தில் ஆண்கள் நடத்திய ஆராதனைக் கோஷ்டிகளில் பாட இடமில்லை. நாளை ஏற்படுத்திக் கொடுத்தவளுக்கு நாளில் பங்கில்லை!

எனவே, ஒரு தேதியில் இருவர் இறந்தால் அவர்களில் யார் பெரியவர் என்று மரணம் சொல்வதில்லை. வரிசை போடுகிறவர்கள் நாம். முதல் பக்கம், 116-ஆம் பக்கம், பக்கமே இல்லாமை ஆகிய மூன்றையும் நாம்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். விதியின் மேலும் காலத்தின் மேலும் பழி போட்டுவிட்டு இதிலிருந்து தப்பிக்க முடியாது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஊரே ஒரு பக்கம் திரும்பி அழும் நாளில், அழுகிறவர்களை ஏசவேண்டாம். அவர்களோடு சேர்ந்து அழவும் செய்யலாம். ஆனால் அன்றைக்குப் பக்கத்துச் சந்தில் யாராவது ஒரு பெட்டியைக் கையால் சுமந்துகொண்டு போகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். பூ கிடைக்காவிட்டால் தொட்டிச் செடியாவது போதும். ஓய்ஸ்ட்ராக் செய்தது அவ்வளவுதான்.  வயலினை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.