இரண்டு பாய் வீடு

தகாஷி நாகாய்க்கு வலது காது சரியாகக் கேட்காது. 1932-ல், நாகசாகி மருத்துவக் கல்லூரியில் படிப்பு முடியும் நேரத்தில், காதில் சீழ் வைத்து அது மூளையுறை வரைக்கும் போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிது. ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்டு நோய் சொல்லும் வைத்தியராக இனி முடியாது என்று எக்ஸ்ரே பிரிவுக்குப் போனார். காது கைவிட்டதும் கண்ணை நம்பினார்.

போர்க்காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. காசநோய்ச் சோதனைக்கு வருகிறவர்களோ கூட்டம் கூட்டமாக. ஃபிலிம் இல்லாமலே, ஆளை நிறுத்தி, ஒளிரும் திரைக்கு எதிரே தானே இருந்து ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்தார். நோயாளி மேல் ஒரு தடவை பாய்ந்த கதிர் அவர் மேல் நாள் முழுவதும் பாய்ந்தது. அந்தத் துறையையே படித்தவர். ஆபத்து தெரியாமல் இல்லை. 1945 ஜூனில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்று வருடம் என்று கெடு. மனைவி மிதோரியிடம் சொன்னார். தான் போனாலும் பிள்ளைகள் இருவரையும் அவள் கரையேற்றிவிடுவாள் என்ற தெம்பு அவருக்கு இருந்தது.

*

மிதோரி பிறந்தது நாகசாகியின் உராகாமிப் பகுதியில், பழைய கிறிஸ்தவக் குடும்பத்தில். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் முழுக்க, குருக்கள் யாரும் இல்லாமல், மறைவில் செபத்தைக் காத்துவந்த ஊர் அது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய குடும்பம் மிதோரியுடையது. (முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் சுற்றிய நம் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15-ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கி அங்கே கிறிஸ்தவத்தைத் தொடங்கிவைத்தார். அந்த முத்துக்குளித்துறையின் மணப்பாட்டுக்காரருக்கு உராகாமி அப்படியொன்றும் அந்நிய ஊரில்லை.) 1860-களின் கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வெவ்வேறு பிரதேசங்களுக்கு விரட்டினார்கள். 1873-ல் தடை விலகியதும் மிஞ்சியவர்கள் திரும்பி வந்து செங்கல்லால் பேராலயம் எழுப்பினார்கள்.

மிதோரியின் வீட்டில் வாடகைக்குத் தங்க வந்த மாணவர் நாகாய். சாமி நம்பிக்கை இல்லாதவர். 1930-ல் தாய் பேச்சிழந்து சாகக் கிடந்தபோது கடைசியாகத் தன்னைப் பார்த்த பார்வை மட்டும் அவரை விடவில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பஸ்காலைப் படித்தார். 1934 ஜூனில் பவுல் என்ற பெயரில் திருமுழுக்கு. ஆகஸ்டில் மிதோரியோடு கல்யாணம். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார்.

கோயிலுக்குப் போகிற டாக்டர் என்றால் நமக்கு ஓர் உருவம் பழக்கம். தேய்த்த வெள்ளைச் சட்டை, முன்வரிசை, திருவிழாவுக்குப் பெரிய தொகை. நாகாயை அந்த வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

*

1945 ஆகஸ்ட் 9, காலை 11.02. நாகசாகி மேல் அணுகுண்டு. அது வெடித்த இடத்திலிருந்து நாகாய் வேலை பார்த்த கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 700 மீட்டர். எக்ஸ்ரே படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தவரின் வலது பொட்டில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து நாளம் அறுந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, உயிரோடிருந்த நர்சுகளையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வீடு நடந்து போகிற தூரம்தான். போனது இரண்டு நாள் கழித்து. பொழுது சாய்ந்தும் மிதோரி தேடி வரவில்லை என்றபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. உயிர் இருந்திருந்தால் தவழ்ந்தாவது வந்திருப்பாள். நல்ல வைத்தியர், நல்ல குடும்பஸ்தர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டு நாளும் ஒன்று மற்றதைக் காக்கவைத்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் இதைக் கவனிக்காமல் புகழவும் முடியவில்லை.

சமையலறை இருந்த இடத்தில் கொஞ்சம் எலும்பு. பக்கத்தில் தீயில் உருகிய செபமாலை, அதன் சிலுவை. எலும்பை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டார். தன் எலும்பை அவள் சுமக்க வேண்டியிருக்க, முறை மாறிப்போயிற்றே என்று பிற்பாடு எழுதினார். பிள்ளைகள் பாட்டியோடு மலைப்பக்கத்துக் கிராமத்தில் இருந்ததால் தப்பினார்கள்.

*

அந்த அக்டோபரில் மருத்துவக் கல்லூரிக்கு ஓர் அறிக்கை எழுதினார். மலைக்கிராமத்தில் தன் குழு பார்த்த நோயாளிகளைப் பற்றியது. எங்கே இருந்தார்கள், என்ன காயம், எப்போது நோய் தலைகாட்டியது, என்ன மருந்து. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் கை.

நவம்பர் 23-ல், இடிந்த பேராலயத்தின் முன் இறந்தவர்களுக்கான திருப்பலி. உராகாமியின் கத்தோலிக்கர் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் போய்விட்டார்கள். குண்டு விழுந்தபோது, வரவிருந்த விண்ணேற்புத் திருநாளுக்காகக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மிஞ்சியவர்கள் சார்பில் நாகாய் பேசினார். உராகாமி, உலகப் போரின் பாவத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட மாசற்ற எரிபலி. அதற்காக நன்றி சொல்வோம் என்பது பேச்சின் சாரம்.

இதை என்னால் விழுங்க முடியவில்லை. நாகசாகியிலேயே பிற்காலத்தில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். குண்டைப் போட்டவனும், போரைத் தொடங்கியவனும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்களே என்பது அவர்கள் கேள்வி. 1981-ல் ஹிரோஷிமாவில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், போர் மனிதன் செய்யும் வேலை என்றுதான் சொன்னார்.

ஆனாலும் கேட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இது தெய்வ தண்டனை என்று சொன்னவர்களும் அப்போது ஊரில் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இதையும் காதில் வாங்கியவர்களுக்கு, தண்டனை இல்லை, காணிக்கை என்று ஒருவர் சொன்னது சோறு போல இருந்திருக்கும். பேசியவரும் வாளியில் மனைவியைச் சுமந்தவர். நோய்க்குக் காரணம் தேடியே பழகிய புத்தி, மேலேயும் போய் ஒரு காரணத்தைத் தேடியது என்று நினைக்கிறேன். அறிக்கை எழுதிய நாகாயை நம்புகிறேன். பேசிய நாகாய்க்குப் பக்கத்தில் பேசாமல் நிற்க மட்டும் முடிகிறது.

*

1948-ல் ஊரார் அவருக்கு ஒரு குடிசை கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு தத்தாமி பாய் விரித்தால் தீர்ந்தது இடம். ‘நியோகோதோ’ என்று பெயர் வைத்தார். தன்னைப் போல் பிறரை நேசி என்ற கட்டளையிலிருந்து எடுத்தது. எழுந்து நடக்க முடியாது. மல்லாந்து படுத்தபடி பலகையைத் தாங்கிப் பிடித்து எழுதினார். ‘நாகசாகியின் மணி’ நூலை அமெரிக்கத் தணிக்கை நெடுநாள் நிறுத்தி வைத்தது. மணிலாவில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்த பிறகுதான் 1949-ல் வெளிவந்தது. ஒரு கொடுமையைச் சொல்ல இன்னொன்றை அனுமதிச் சீட்டாகக் கேட்டிருக்கிறார்கள். எழுதிச் சம்பாதித்ததில் ஆயிரம் செர்ரிக் கன்றுகள் வாங்கி ஊருக்குக் கொடுத்தார்.

மண்ணீரல் வீங்கி வயிறு பானையாகியிருந்தது. லேசாக இடித்தாலும் அது வெடித்து உயிர் போகலாம். அதனால் சின்ன மகள் கயானோ அப்பாவின் பக்கத்தில் வரக்கூடாது என்று கட்டளை. ஒருநாள் அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சிறுமி சத்தமில்லாமல் வந்து, அவர் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து, அப்பா வாசம் என்று முணுமுணுத்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கண்டிக்க வேண்டும். கண்டித்தால் அவள் போய்விடுவாள்.

*

சொன்ன கெடுவைத் தாண்டி, ஆறு வருடம் இருந்தார். இரத்தப் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தை மாணவர்கள் நேரில் பார்த்துப் படிக்கட்டும் என்று, முடிவு நெருங்கியதும் தன்னைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். சேர்த்த அன்றிரவே, 1951 மே 1-ல், இறந்தார். மாணவர்களுக்குப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி உடலை அறுத்துச் சோதித்து, கண்டதை எழுதி வைத்தார்கள்.