ஹலாலான உணவு, ஹலாலான அளவு



ஆரணி அரிசி விளையும் திருவண்ணாமலை மாவட்டத்தில் நம் தட்டில் சோறு குவிகிறது. காய்கறி ஓரத்தில் ஒதுங்குகிறது. "ஹலாலான சாப்பாடுதானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன?" என்கிறோம். உணவு ஹலால்தான், விரயத்தை அல்லாஹ் விரும்புவதில்லையே!

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், மற்ற இரண்டைத் தண்ணீருக்கும் மூச்சுக்கும் விட்டுவைக்க வழிகாட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள் (திர்மிதி). தட்டில் ஏறத்தாழ பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

உடல் அமானிதம்; அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு. இன்று ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்காரும்போது ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள். ஒரு கரண்டி கீரையைக் கூட்டுங்கள். சட்டியில் மிஞ்சுவது பசித்த அண்டை வீட்டாருக்குப் போகட்டும்.

அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.