72க்குப் பிறகுதான் 73

ஏழாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். பரிசு, ஒரு சோப்பு டப்பா. தலைப்பு, காமராசர். பேச்சை எழுதிக் கொடுத்தது தமிழ் ஐயா. எந்த வரியில் வலது கையைத் தூக்க வேண்டும், எந்த வரியில் குரலை இறக்க வேண்டும் என்று பென்சிலால் குறியும் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று நாள் மனப்பாடம் செய்து அந்தக் குறிகளின்படி ஒப்பித்தேன், அவ்வளவுதான். வில்லியனூரில் எங்கள் தெருவில் அந்த வருஷம் முழுக்க நான்தான் 'பேச்சாளர்'.

ஒன்பது வருஷம் கழித்து, பொறியியல் கல்லூரியில் கேம்பஸ் இண்டர்வியூ. குரூப் டிஸ்கஷனுக்கு வட்டமாகப் பத்துப் பேரை உட்கார வைத்தார்கள். பதினைந்து நிமிஷம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரியாத தலைப்பு இல்லை. சொல்ல இரண்டு விஷயம் கையில் இருந்தது. ஆனால் வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்டி முடித்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு ஒவ்வொரு தடவையும் வேறெங்கோ போயிருந்தது. வெளியே வந்ததும் நண்பன் கேட்டான்: "இன்னா மச்சான், வாய்ல கொழுக்கட்டையா?"

சோப்பு டப்பா வாங்கியவன் எங்கே போனான் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கேயும் போகவில்லை. அப்படி ஒருவன் முதலிலேயே இல்லை. அன்றைக்கு மேடையில் பேசியது தமிழ் ஐயா. வாய் மட்டும் என்னுடையது.

வேலைக்குப் போன பிறகு, அலுவலகத்தில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. அங்கே ஒருவர், பேசுகிறவர் எத்தனை முறை 'ஆ', 'ம்ம்' என்று இழுக்கிறார் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பார். முதல் பேச்சில் எனக்கு 23. ஆறு மாதத்தில் 4. கிராஃப் இறங்குவதைப் பார்த்தால் எஞ்சினியருக்கு ஒரு சந்தோஷம் வரும் இல்லையா, எனக்கும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டுதான் பாகூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி. எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது. நோக்கம் நல்ல நோக்கம்தான். இந்தக் கட்டுரை அந்த நோக்கத்தில் இருந்த ஓட்டையைப் பற்றியது.

*

பாகூரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய ஏரி, மூலநாதர் கோயில், நெல் வயல் என்று இன்றைக்கு ஓர் அமைதியான கொம்யூன். ஆனால் 9ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. கல்விச்சாலையின் செலவுக்காக மூன்று ஊர்கள் எழுதி வைக்கப்பட்டன. அரங்கனூரில் பஸ் மாறும்போதெல்லாம் அந்த மூன்று ஊர்க்காரர்களை நினைத்துக்கொள்வேன். அவர்கள் உழுதார்கள், வேறு யாரோ ஓதினார்கள். வேத மரபுக் கல்வி நடந்த இடம் அது. உழுதவன் பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. அவனுடைய நெல் போனது, குரல் போகவில்லை.

நாம் இன்று 'மேடைப் பேச்சு' என்று சொல்வது அந்தக் கல்விச்சாலையிலிருந்து வந்ததும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசம்பர் 31. மிஷன் பள்ளியில் படித்து, பாதிரிமார்களின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்து, அதே கருவியைத் தன் சைவத்துக்காக எடுத்துக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு தேசிய இயக்கமும் திராவிட இயக்கமும் அதே கருவியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தன. இந்தக் கதையை பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: யாரோ வைத்திருந்த பேச்சை வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுக்கும்போதெல்லாம் கேட்கிற கூட்டமும் மாறுகிறது.

2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அதில் ஆங்கிலத்துக்கான உள்மதிப்பீட்டில் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. காகிதத்திலாவது, உழுதவன் பேத்தியின் குரலுக்கு இப்போது மார்க் இருக்கிறது. நல்ல விஷயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

*

முதல் நாள் சொன்னேன்: "புக்கை மூடிடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை ரெண்டு நிமிஷம் பேசுங்க. தமிழ்லயே பேசலாம்."

ஒரு பையன் எழுந்து மரம் வளர்ப்பதன் நன்மைகளைச் சொன்னான். அடுத்தவன் செல்ஃபோனின் தீமைகள். மூன்றாமவன் மறுபடியும் மரம். 'தெரிந்தது' என்றால் புத்தகத்தில் இருப்பது என்று அவர்களுக்கு ஒன்பது வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதை உடைக்கவே ஐந்து சனிக்கிழமை ஆனது. ஆறாவது வாரம் ஒருவன் ஏரியில் விரால் பிடிப்பதைப் பற்றிப் பேசினான். வகுப்பே முன்னால் சாய்ந்து கேட்டது. 'ஆ', 'ம்ம்' நிறைய வந்தது. நான் எண்ணவில்லை.

எட்டாவது வாரம், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். முதல் வாக்கியம் இது: "நான் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்க மாட்டேன்."

பிறகு ஏன் என்று சொன்னாள். பெண்கள் கழிப்பறையில் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவளுக்காக நிற்கிறவள் லீவு போட்டால், அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர் கிடையாது. வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்பு முழுக்கக் குடிப்பாள். அம்மா 'மெதுவா குடி' என்று திட்டுவாள். பையன்கள் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை. பையன்கள் ஒருவனும் சிரிக்கவில்லை. சரியாக இரண்டு நிமிஷம். எனக்குத் தெரிந்த எந்த விதிப்படி பார்த்தாலும் நல்ல பேச்சு.

கை தட்டினேன். பிறகு என் வாழ்க்கையில் சொன்ன அபத்தமான வாக்கியங்களில் ஒன்றைச் சொன்னேன்: "இதை நீ ஆண்டு விழாவுல பேசணும்மா. ஹெச்.எம்., கெஸ்ட் எல்லாரும் இருப்பாங்க."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க அன்னைக்கு வருவீங்களா சார்?"

"வரப் பார்க்கறேன்" என்றேன். அந்த வாரம் ரிலீஸ் இருந்தது. போகவில்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. அவள் மேடையில் நன்றாகவே பேசினாள், ஆனால் தலைப்பு 'தூய்மை இந்தியா'. யாரோ எழுதிக் கொடுத்தது. எந்த வரியில் கை தூக்க வேண்டும் என்று பென்சில் குறி போட்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

*

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இவ்வளவு தைரியம் கொடுத்தும் பயந்துவிட்டாளே என்று. அந்த ஏமாற்றம் ஒரு வாரம் இருந்தது. அதைக் கலைத்தது திருக்குறளின் பொருளடக்கம். குறள் கூட இல்லை, பொருளடக்கம்.

பேச்சைப் பற்றி வள்ளுவர் பொருட்பாலில் நான்கு இடங்களில் அதிகாரம் வைத்திருக்கிறார். 42 கேள்வி. 65 சொல்வன்மை. 72 அவையறிதல். 73 அவையஞ்சாமை. இந்த வரிசையைப் பாருங்கள். கேட்பது முதலில். அப்புறம் சொல்வது. அப்புறம் எதிரே இருக்கிற அவை எப்படிப்பட்டது என்று அறிவது. அஞ்சாமல் இருப்பது கடைசி. நம்முடைய பேச்சுப் பயிற்சி எல்லாம் 73இல் தொடங்கி அங்கேயே முடிகிறது. கண்ணைப் பார், குரலை உயர்த்து, பயப்படாதே. நானும் அதைத்தான் செய்தேன்.

அந்தப் பெண் 73இல் தோற்றாள் என்று நான் நினைத்தேன். அவள் 72ஐச் சரியாகப் படித்திருந்தாள். அந்த மேடைக்கு எதிரே யார் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். விருந்தினர் முன்னால் பள்ளியின் குறையைச் சொன்னவள் திங்கட்கிழமை காலை அதே ஆசிரியர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும், பத்தாம் வகுப்பும் அங்கேதான். எனக்குத் திங்கட்கிழமை ஸ்டாண்டப் மீட்டிங். 'வருவீங்களா சார்' என்ற கேள்வியில் அவள் துணைக்கு ஆள் தேடவில்லை. இந்தப் பேச்சுக்கான விலையில் உன் பங்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டாள். என் பங்கு பூஜ்யம் என்று தெரிந்ததும் கெட்டிக்காரியாக 'தூய்மை இந்தியா'வை எடுத்துக்கொண்டாள்.

வள்ளுவர் அந்தக் கடைசி மூன்று அதிகாரங்களையும் அமைச்சியலில் வைத்திருக்கிறார் என்பதும் யோசிக்க வேண்டியது. அமைச்சனுக்கு ஒரு அவை இருக்கிறது, அதில் அவனுக்கு ஒரு இருக்கை இருக்கிறது. அவன் அஞ்சாமல் பேசலாம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எந்த அவை? எல்லை தாண்டினால் கடலூர் மாவட்டத்தில் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கிராம சபை கூடும் வழக்கமாவது உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தது. அடுத்தது 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் நினைவில் ஒரு வார்டு உறுப்பினரைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பேசக் கற்றுக் கொடுப்பது, குளம் இல்லாத ஊரில் நீச்சல் சொல்லிக் கொடுப்பது மாதிரி.

அப்படியானால் பேசவே சொல்லித் தரக் கூடாதா? இந்தக் கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுப் பார்த்தேன். சொல்லித் தராமல் விட்டால், பேச்சு மறுபடியும் ஏற்கெனவே பேசுகிறவர்களிடமே இருக்கும், பாகூர்ச் செப்பேட்டுக் காலத்து மாதிரி. அதனால் நிறுத்துவது பதில் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து உண்மையை வரவழைத்தவனுக்கு, அந்த உண்மை போய்ச் சேர ஒரு காதைத் தயார் செய்யும் கடமையும் உண்டு. அது இல்லாமல் தைரியத்தை மட்டும் கொடுப்பது, அடுத்தவன் காசில் சூதாடுவது.

*

அடுத்த சனிக்கிழமை தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். "அப்படியா சார், யாரும் சொல்லலையே" என்றார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை. இரண்டு வாரத்தில் தாழ்ப்பாள் வந்துவிட்டது. ஐம்பது அறுபது ரூபாய் சாமான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பின் பெஞ்சுப் பையன் ஒருவன் சொன்னான்: "சார் சொன்னா நடக்கும்." அவன் பாராட்டாகத்தான் சொன்னான். என் எட்டு வார வகுப்பு மொத்தமும் அந்த மூன்று சொல்லில் கவிழ்ந்தது. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்குகிற, வெளியிலிருந்து வருகிற, ஒரு ஆம்பிளை சொன்னால் நடக்கும். அவள் சொன்னால் பரிசு கிடைக்கும்.

இப்போது வகுப்பை மாற்றியிருக்கிறேன். ஒருவர் பேசி முடித்ததும் யாரும் கை தட்டுவதில்லை. கேட்டவர்களில் ஒருவர் எழுந்து, பேசினவர் என்ன சொன்னார் என்று தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசினவர் "ஆமா, அதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை விடக் கூடாது. சி.பி.எஸ்.இ.யில் கேட்டலுக்கும் மார்க் உண்டு என்றேன் அல்லவா? அது பிள்ளை கேட்கிறதா என்று பார்ப்பது. பள்ளிக்கூடம் கேட்கிறதா என்று பார்க்க அதில் இடமில்லை. அதனால் ஆசிரியர்களையும் கூப்பிட்டேன். மேடையில் உட்கார இல்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க. நாலு பேரைக் கேட்டதில் கணக்கு மிஸ் ஒருவர் மட்டும் வந்தார்.

அன்றைக்குப் பேசியது வேறொரு பெண். கணக்கு வகுப்பில் சந்தேகம் கேட்க ஏன் எழுந்திருப்பதில்லை என்பது பற்றி. அவள் முடித்ததும் சீட்டு எடுத்தோம். திருப்பிச் சொல்ல வேண்டியவர் பெயர் மிஸ்ஸுடையது. வகுப்பு மூச்சு விடவில்லை.

மிஸ் எழுந்தார். "உனக்குக் கணக்குன்னா பயம், அதான?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இல்ல மிஸ். அது இல்ல."

"சரி. தப்பா சொன்னா நான் திட்டுவேன்னு பயம்."

"அதுவும் இல்ல மிஸ்."

மிஸ் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நீ கேட்டா, நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி மத்தவங்களைப் பார்த்து 'இது கூடத் தெரியலயா'ன்னு கேக்கறேன். அதுவா?"

"ஆமா மிஸ். அதான்."