நீளமான பாதையில்தான் புண்ணியமா?

திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். பிரதோஷ தரிசனம் முடிந்து, பிரசாதத்துடன் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் அம்பத்தூர்ப் பெண்கள் சிலர். அமர்நாத் யாத்திரை போவதாகத் திட்டம். பக்தியோடுதான் பேச்சு ஆரம்பித்தது. ‘எந்த வழியாகப் போவது?’ என்ற கேள்வி வந்ததும் சூடு பிடித்துவிட்டது!

‘‘பஹல்காம் வழிதான் சம்பிரதாயம். கஷ்டப்பட்டு நடந்தாத்தான் முழுப் பலன்’’ என்றார் ஒரு பெண்மணி.

‘‘எங்க மாமியாருக்கு அறுபத்தாறு வயசு. முழங்கால் வலி வேற. பால்டால் வழியா போயிட்டு வந்துடலாமே...’’ என்றார் இன்னொருவர்.

‘‘குறுக்கு வழியில போறதுக்குப் பேரு யாத்திரையா?’’

அந்த மாமியார் எதுவும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சகோதரி, நீங்கள் அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?

முதலில் இரண்டு பாதைகளையும் பார்த்துவிடுவோம். பஹல்காமில் இருந்து சந்தன்வாடி வரை வண்டி போகும். அங்கிருந்து குகைக்கு 32 கி.மீ. சேஷ்நாக், பஞ்சதரணி என்று இரவுகளில் தங்கித் தங்கி, நடுவே மகாகுணாஸ் கணவாயைக் கடந்து போகவேண்டும். பால்டாலில் இருந்து 14 கி.மீ.தான். ஆனால், ஏற்றம் செங்குத்து!

பனிலிங்கக் குகை இருப்பது 3,888 மீட்டர் உயரத்தில். நாமோ கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்கள். உயரம் கூடக் கூட, மூச்சில் கிடைக்கும் பிராணவாயு குறையும். அதற்கு உடம்பு பழக அவகாசம் வேண்டும். நீளமான பாதை அந்த அவகாசத்தைத் தருகிறது. ஆனால், குகையையும்விட உயரமான, சுமார் 14,000 அடி கணவாயைக் கடக்கச் சொல்கிறது. குறுகிய பாதை சீக்கிரம் முடியும். ஆனால், சில மணி நேரத்திலேயே உயரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆக, ஒன்று பக்தர்களுக்கு, இன்னொன்று சோம்பேறிகளுக்கு என்று பிரிக்கவே முடியாது!

‘கஷ்டப்பட்டால்தான் பலன்’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பஹல்காம் பாதைக்கு ஓர் அழகான ஐதிகம் உண்டு. பார்வதிதேவிக்கு அமர ரகசியத்தை உபதேசிக்கப் புறப்பட்ட சிவபெருமான், பஹல்காமில் நந்தியை விட்டாராம். சந்தன்வாடியில் சந்திரனை, சேஷ்நாகில் பாம்பை, மகாகுணாஸில் விநாயகரை, பஞ்சதரணியில் பஞ்சபூதங்களை விட்டுவிட்டு, குகைக்குள் நுழைந்தாராம்.

கவனித்தீர்களா? இந்தக் கதையில் ஸ்வாமி எத்தனை தூரம் நடந்தார் என்பது கணக்கில்லை. எதையெல்லாம் விட்டார் என்பதே கணக்கு! ‘நான் முழுப் பாதையும் நடந்தேனாக்கும்’ என்ற பெருமையைச் சுமந்தபடி 32 கி.மீ. நடந்து என்ன பயன்? விடவேண்டிய முதல் சுமையே அதுதானே!

‘அப்பர் பெருமான் கயிலைக்குப் போகவில்லையா? கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் தவழ்ந்து, உருண்டு போனாரே! திரும்பிப் போகச் சொல்லியும் மறுத்தாரே!’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. உடன் வந்த அடியார்களை விட்டு நீங்கி, தனியொருவராகத்தான் கயிலையை நோக்கி நடந்தார் அப்பர். தேய்ந்தது அவருடைய தேகம். இன்னொருவர் தேகத்தைப் பணயம் வைக்கவில்லை அவர்! அப்படிப்பட்டவரையும் இறைவன் என்ன செய்தார்? அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினார்.

நம் உடம்பை வருத்திக்கொள்வது விரதம். அடுத்தவர் உடம்பை நம் விருப்பத்துக்காக வருத்துவது விரதம் ஆகுமா? மாமியாரின் முழங்காலில் மருமகளுக்குப் புண்ணியம் சேருமா?

மலை யாரையும் சலுகையோடு பார்ப்பதில்லை. 1996 ஆகஸ்டில் இந்த யாத்திரையின்போது வீசிய பனிப்புயலில் 240-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பக்தி குறைந்தவர்களா அவர்கள்? அந்தத் துயரத்துக்குப் பிறகே கட்டுப்பாடுகள் கூடின. இன்று 13 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே அனுமதி. மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். தெரிந்த டாக்டரிடம் ‘சும்மா ஒரு கையெழுத்து’ வாங்கிக்கொண்டு போவது, ஸ்வாமியிடம் பொய் சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம்.

எனவே, பாதையைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று பாருங்கள். அவருடைய கால்கள்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும். அவரிடமே வாய்விட்டுக் கேளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது அவரையும் அழைத்துக்கொண்டு தினமும் ஏரிக்கரையிலோ, தெருவிலோ நாலைந்து கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். இன்னொன்றையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். வழியில் ஒருவருக்கு விடாத தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால், மேலே ஏறக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். அவரோடு இறங்கப் போவது யார்?

‘நான் இறங்குகிறேன்’ என்று முதலில் சொல்பவர் எவரோ, அவருக்கு யாத்திரை அங்கேயே தொடங்கிவிட்டது!

அப்படி இறங்கினால் தரிசனம் போய்விடுமே என்று கலங்க வேண்டாம். நம் பூந்தமல்லிக்கே போய்க் கேளுங்கள். திருக்கச்சி நம்பிகள் இங்கிருந்து மலர் மாலையோடு காஞ்சிக்கு நடந்து சென்று வரதனைச் சேவித்தவர். முதுமையில் அவரால் நடக்க முடியாமல் போனது. பெருமாள் என்ன, ‘குறுக்கு வழி’ என்று கோபித்துக்கொண்டாரா? வரதராஜரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்கிறது தலபுராணம்.

நடக்க முடிந்தவர்கள் அவனைத் தேடிப் போகலாம். நடக்க முடியாதவர்களைத் தேடி அவனே வருவான். நடுவே, முடியாதவரின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவரை மட்டும் அவன் விட்டுவிடுவானா என்ன?