விருந்தாளி வருமுன்

என் அம்மாவிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை 1987இல் கொடுத்தது. அதில் எந்தத் தேதிக்கும் அன்று நடந்தது எதுவும் எழுதப்படவில்லை. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வீட்டுக் குறிப்புகள்தான். வாரப் பத்திரிகையில் படித்தது, எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னது, அவளாகக் கண்டுபிடித்தது எல்லாம் கலந்து கிடக்கும். குத்துவிளக்குக்குப் பழம்புளி. வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் சோப்பு போட்டு வெயிலில் காயப்போடு. ஃபிரிட்ஜ் வாடைக்கு அரை மூடி எலுமிச்சம்பழம். அரிசி டப்பாவில் காய்ந்த வேப்பிலை. ஏப்ரல் 14ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு தலைப்பு: ‘திடீர்னு ஆள் வந்தால்’. கீழே ஏழு வரிகள். முதல் வரி, ‘உள் ரூம் கதவைச் சாத்து.’ கடைசி வரி, ‘முகம் கழுவு.’

இந்தக் குறிப்புகளை நான் கேலி செய்ய வரவில்லை. பெரும்பாலானவை வேலை செய்கின்றன. செம்பிலும் பித்தளையிலும் படிகிற கருப்பைப் புளியிலுள்ள அமிலம் கரைக்கிறது. மஞ்சளின் நிறம் வெளிச்சம் பட்டால் சிதைகிறது, அதனால்தான் வெயில். இதெல்லாம் முறையான வேதியியல். செய்தவர்கள் பெண்கள் என்பதால் ‘கைவைத்தியம்’ என்ற பெயரோடு நின்றுவிட்டது. ஊர் ஊராகப் பரவும் புதுக் குறிப்புகள் பலவற்றைவிட அம்மாவின் டைரி நம்பகமானது. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் பொங்கி நுரைக்கும். பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, வாயு காற்றோடு போய்விட, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். நுரையைப் பார்த்துவிட்டு அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் நினைத்தவள்தான். எங்கோ படித்துவிட்டு, அம்மா வீட்டு மொசைக் தரையை வினிகர் விட்டுத் துடைத்தேன். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. சுண்ணாம்புச் சத்து. அமிலம் பட்டால் அரிக்கும். ஜன்னலோரம் ஒரு முறம் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கிவிட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. அம்மா திட்டவில்லை. “விடுடி, அந்த எடத்துல ஒரு சேரைப் போட்டுக்கலாம்” என்றாள். வருகிறவர் கண்ணில் படாமல் எதை எங்கே நகர்த்துவது என்பது அவளுக்கு யோசிக்காமலே வரும்.

எனக்கு உறுத்துவது ‘எளிய’ என்ற சொல். எளிய குறிப்புகள், வீட்டில் இருக்கும் பொருளே போதும், செலவே இல்லை. புளி இரண்டு ரூபாய்க்குக் கூட இருக்காது, உண்மை. புளியைக் கரைத்து, ஆறு விளக்கையும் கழற்றி, திரி வைக்கிற குழியில் கெட்டியாகிப்போன எண்ணெய்ப் பிசுக்கை நகத்தால் சுரண்டி, தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து வைக்க ஒரு காலைப்பொழுது ஆகும். ‘வீட்டில் இருக்கும் பொருள்’ என்ற பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டியது வீட்டில் இருக்கும் பெண். அவளை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

2024ஆம் ஆண்டுக்கான காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒன்றிய அரசே ஒரு கணக்கைத் தந்திருக்கிறது. சொந்த வீட்டுக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வீட்டுவேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகச் செலவழிப்பது 289 நிமிடங்கள். ஆண்கள் 88. அந்த 88கூட வேலையில் கைவைக்கிற ஆண்களின் சராசரிதான், ஒன்றுமே செய்யாதவர்கள் அந்தச் சராசரிக்குள் வரவில்லை. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்த பிறகுமா இவ்வளவு என்று கேட்கலாம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலின் விடை இது: இயந்திரம் வரவர, எது சுத்தம் என்ற அளவுகோல் உயர்ந்துகொண்டே போனது. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள் மறைந்தன. அம்மாவின் வேலை மட்டும் மறையவில்லை. வாரம் ஒருமுறை மாற்றிய படுக்கை விரிப்பை இன்று நாம் எத்தனை முறை மாற்றுகிறோம் என்று யோசித்தால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

ஆனாலும் சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அழுக்குத்தான் விடுதலை என்று பேசுகிறவர்களின் வீட்டில் யாரோ ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குத் துடைத்த தரையில் வெறுங்காலோடு நடக்கப் பிடிக்கும். என் கேள்வி வேறு. வசிப்பவர்களுக்காகச் செய்யும் சுத்தமும் வருகிறவர்களுக்காகச் செய்யும் சுத்தமும் ஒன்றா? முதலாவது, அங்கே வாழ்வதற்கு வசதி செய்கிறது. இரண்டாவதில் நாம் பெரும்பாலும் அப்புறப்படுத்துவது குப்பையை அல்ல. மாத்திரை அட்டை, கொடியில் காயும் பாவாடை, படிப்பு மேஜையிலிருக்கும் பாதி தின்ற பன், மாமியாரின் கால் தைலம் என்று வாழ்ந்ததற்கான தடயங்களை அப்புறப்படுத்துகிறோம். யாருமே வாழாத வீடு மாதிரி ஆக்கி வைத்துவிட்டு, ‘வாங்க வாங்க, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க’ என்கிறோம். இது பொய் இல்லையா?

அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “மரியாதைடி அது” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. களைத்து வருகிறவருக்கு ஒரு கழுவிய டம்ளரும் ஈரமில்லாத துண்டும் எடுத்து வைப்பது அன்பில்லாமல் வேறென்ன? அப்பாவுக்கு வேறு கருத்து. “வீடு வீடா இருக்கணும், மியூசியமாவா இருக்கணும்?” என்பார், சாய்வு நாற்காலியில் இருந்தபடி. ரொம்பக் காலம் நான் அப்பா கட்சி. பிறகுதான் புரிந்தது. எங்கள் வீடு ஒட்டடையாகக் கிடந்தால், “அவர் சரியில்லை” என்று ஊரில் ஒருவரும் சொல்லப்போவதில்லை. “அவ சரியில்லை” என்பார்கள். தீர்ப்பு தன் மேல் விழாது என்று தெரிந்தவருக்கு இயல்பாக இருப்பது சுலபம். ‘கண்டுக்காம விடு’ என்று அம்மாவுக்குச் சொன்ன புத்திமதியெல்லாம், அதற்கான விலையையும் நீயே கட்டிக்கொள் என்று சொன்னதுதான்.

அந்த விலை எவ்வளவு என்று நான் பார்த்தது 1994இல். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் ‘ரொம்பச் சுத்தம்’ என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா விடிகாலையில் பாத்ரூமுக்குள் போனாள். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினாள். மஞ்சள் கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். எங்கள் வீட்டில் அது நான்கடிக்கு ஆறடி அறையில், ஒரே ஒரு சின்ன ஜன்னலோடு. அம்மா இருமிக்கொண்டே வெளியே வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். நான் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிடப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். “இப்ப வேணாம். அவங்க போகட்டும்.” மாலையில் பஜ்ஜி தட்டை நீட்டியபோதெல்லாம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திப் பொத்தி இருமினாள். வந்தவர்கள் சளி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் பாத்ரூம் பக்கம் போகவே இல்லை. (இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ டாய்லெட் கழுவும் திரவத்தையோ வினிகரையோ சேர்க்காதீர்கள்.)

நம்மிடம் விருந்துக்குப் பெரிய மரபு இருக்கிறது என்பார்கள். திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு, ஒன்பதாவது. பத்துக் குறளிலும் தேடிப் பார்த்தேன். சோறு வருகிறது, விருந்தினரைப் பார்க்கும் முகம் வருகிறது, முகம் கோணினால் விருந்தினர் வாடுவதற்கு அனிச்சப்பூ வருகிறது. தரை வரவில்லை. சிலப்பதிகாரத்தில் தரை வருகிறது. மதுரையில் இடைக்குல மூதாட்டி மாதரி தந்த, செம்மண் பூசிய சின்ன வீட்டில், கண்ணகி தரையில் தண்ணீர் தெளித்து, தன் கையாலேயே தடவி, வாழைக்குருத்தை விரித்துக் கோவலனுக்குச் சோறு படைக்கிறாள். அதுதான் அவன் கடைசிச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தவனிடம் அவள் சொல்லும் குறைகளில் ஒன்று, அவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போனது என்பது. கண்ணகியின் பெருந்தன்மை என்று இதை வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது படித்தால் வேறு கேட்கிறது. வீடு இருந்தது, பொருள் இருந்தது, கைகள் இருந்தன. கணவன் இல்லை என்பதால் விருந்தாளியை வரவேற்கும் உரிமை மட்டும் இல்லை. தெளித்துத் துடைக்கும் வேலை அவளுடையது. வாசலில் நின்று வரவேற்கும் தகுதி அவன் மூலமாக வருவது.

இதுவரை எழுதியதெல்லாம் அம்மாவைப் பற்றி. அங்கேயே நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி.

எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடும். என் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை. “இந்த ஒரு வாரம் மட்டும்” என்று கூப்பிட்டேன். வந்தார். ஒட்டடை அடித்து, மின்விசிறி துடைத்து, ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தபோது தோழிகள் இரண்டு பேர் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நான் அக்காவிடம் மெதுவாக, “போதும்க்கா, நீங்க பின்பக்கமாப் போயிடுங்க, முன்னாடி ஈரமா இருக்கு” என்றேன். முன்பக்கம் காய்ந்துதான் இருந்தது. அன்று நாங்கள் வாசித்தது 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆவது உடன்படிக்கையைப் பற்றி. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்று நான்தான் சூடாகப் பேசினேன்.

எங்கள் பழைய வீட்டில் கக்கூஸ் கழுவ வருகிறவர் சந்துவழியாக வந்து சந்துவழியாகப் போவார். வாசற்கோலத்தைத் தாண்டி அவர் வந்ததே இல்லை. அது சாதி என்று எனக்குத் தெரியும், அதை எதிர்த்துப் பேசியும் இருக்கிறேன். அந்த ஞாயிறு நான் காட்டியதும் அதே சந்துதான். சுத்தமான வீட்டில் சுத்தம் செய்தவர் தெரியக் கூடாது. தடயங்களை அப்புறப்படுத்தும் வரிசையில் அவரையும் சேர்த்துவிட்டேன்.

குற்றவுணர்ச்சி மனிதரைச் சும்மா விடாது, முட்டாள்தனம் செய்யவைக்கும். அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அக்காவின் வீட்டுக்குப் போனேன், கையில் பழத்தோடு. நாமிருவரும் சமம், எனக்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று காட்டுகிற எண்ணம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல டீச்சர்?” மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலில் கிடந்த துணியையெல்லாம் அள்ளினாள், விளக்குமாற்றை எடுத்தாள், பிறகு கடைக்கு ஓடிக் கலர் வாங்கி வந்தாள். ‘வேண்டாம், வேண்டாம்’ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது இன்னும் மோசமாக்கியது. ஆறு வீட்டைத் துடைத்துவிட்டு வந்தவரை ஏழாவதாகத் தன் வீட்டையும் எனக்காகத் துடைக்கவைத்துவிட்டு, கலரைக் குடித்தேன்.

விருந்து அறம் என்று நாம் பேசுவதெல்லாம் அழைப்பவருக்கே சொன்னது. வருகிறவருக்கு என்ன கடமை என்று கேட்பதே இல்லை. வீட்டைத் தயார் செய்ய நூறு குறிப்பு இருக்கிறது. கண்ணைத் தயார் செய்ய ஒன்றும் இல்லை. நான் இப்போது ஒரு வீட்டுக்குப் போனால் பாத்ரூம் குழாயை, அலமாரித் தூசியை என் கண் தானாகவே தேடுகிறது என்பதைக் கவனிக்கிறேன். அம்மாவிடமிருந்து வந்த கண் அது. அவளைப் பயமுறுத்தியதும் அதே மாதிரிக் கண்தான். தேடாமலிருக்க முயல்கிறேன். முடிந்த அன்று முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதனால் வாசிப்பு வட்டம் என் வீட்டுக்கு வரும் மாதங்களில் ஹாலை நானும் கணவருமாகக் கழுவுகிறோம். அவர் துடைத்த மூலைகளை நான் மறுபடி துடைக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கடினமாக இருக்கிறது.

போன பொங்கலுக்கு அம்மா என் வீட்டுக்கு வந்தாள். தம்பி காரில் கொண்டுவந்து விட்டான். வேண்டுமென்றேதான் நான் எதையும் ஒதுங்கவைக்கவில்லை. சோபாவில் உட்காரவைத்து, “ஒருநாள் விருந்தாளியா இரும்மா” என்றேன். காபி குடித்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தாள். பத்து நிமிடம் போனது. பூஜை அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், “ஏண்டி, கொஞ்சம் பழம்புளி இருக்கா?” என்றாள்.

எடுத்து வந்து தம்பியிடம் கொடுத்தேன். அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எவ்வளவு நேரம் ஊறணும்மா?” என்று கேட்டான். அம்மா எழுந்துபோய் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.